கூரையில் ஒரு ஒடுக்கு

எமில் ரைசிக் எனக்குப் போன் செய்தால் இரண்டு காரணம்தான் இருக்கும். டிராக்டருக்கு ஏதாவது சாமான் வேண்டும், அல்லது நான் கொடுத்த சாமான் சரியில்லை. அதனால் அந்த மார்ச் மாதம் அவர் போன் செய்து, "ட்வைலா, கிரேன் வண்டியை எடுத்துட்டு வா. மரவேலிக்குள்ள கிடக்குற லாரி கேபினைத் தூக்கிட்டுப் போய் நசுக்கிடு" என்றதை இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன்.

பிளாட் ஆற்றுக்குத் தெற்கே காயலான் கடை நடத்துகிறவள் நான். இரும்பு எங்கே கிடந்தாலும் என் கண் அங்கேதான் போகும். அந்தக் கேபினை மட்டும் கேட்கக் கூடாது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் நாக்கு நீண்டவள்தான், இருந்தும் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். எமில் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அது அவருடைய பழைய பீட் லாரியின் கேபின். எங்கள் பக்கத்தில் அக்டோபர் வந்தால் சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு ஏற்றுவதைத் தவிர மனிதர்களுக்கு வேறு வேலை கிடையாது. மழை வந்தாலும் நிறுத்த மாட்டார்கள். அப்படி ஒரு மழை நாளில் எமிலின் மூத்த பையன் லோரன் வாய்க்கால் கரைமேல் லாரியை ஓட்டிக்கொண்டு போனான். பத்தொன்பது வயது. கரை வழுக்கி, லாரி உருண்டு, மதகின் சிமெண்ட் சுவரில் கூரை மோதி நின்றது. பின்னால் வந்த லாரியில் எமில் இருந்தார். இறங்கி ஓடி அவனை வெளியே இழுத்தவர் அவர்தான்.

அதற்குப் பிறகு இஞ்சினையும் சக்கரங்களையும் விற்றுவிட்டார். கேபினை மட்டும் டிராக்டரில் கட்டி இழுத்துப்போய், காற்றைத் தடுக்க வேலி மாதிரி நட்ட எல்ம் மரங்களுக்கு நடுவில் போட்டார். அன்றோடு லோரன் என்ற பேர் அவர் வாயில் வரவில்லை. மனைவி லிடியாவும் அவருக்காக அந்தப் பேரை விழுங்கிக்கொண்டாள், சாகும் வரைக்கும். வீட்டுச் சுவரில் ஒரு படம்கூடக் கிடையாது. நாற்பது வருஷம் ஒரு வீடு அப்படி இருக்க முடியும் என்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

இப்போது எல்ம் மரங்கள் பட்டுப்போய்விட்டன. புல்டோசர் விட்டு அந்த இடத்தை உழப்போகிறார். கேபின் எங்கேயாவது போயாக வேண்டும்.

நான் கிரேனோடு போய்ச் சேர்ந்தபோது கேபினுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு ஜோலின் நின்றாள். எமிலின் மகள். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாள், குளிர்காலத்தில் ஆலையில் வெல்டிங் வேலை. ஆள் என் தோளுக்குத்தான் வருவாள். அண்ணன் செத்தபோது அவளுக்கு ஐந்து வயது.

"இதை நசுக்கணும்னா என்னையும் சேர்த்து நசுக்குங்க, ட்வைலா."

"தள்ளுடி. உன் எடைக்கு எனக்கு டீசல் காசுகூட வராது."

எமில் தன் பிக்கப் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கி, எங்களைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "என்ன தகராறு?"

"அப்பா, இதை எனக்குக் குடுத்துடுங்க. நான் ஒரு வண்டி கட்டப் போறேன்."

"நல்ல கேபினா ட்வைலாகிட்ட ஆயிரம் கிடக்கு."

"எனக்கு இதுதான்பா வேணும்."

அவர் கண்ணாடியைப் பாதிவரை ஏற்றினார். காற்றில் பட்டுப்போன கிளைகள் உரசிக்கொண்டிருந்தன. பிறகு, "எடுத்துட்டுப் போ. என் கண்ணுல படக் கூடாது" என்று சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வழியில் என் கிரேன் வண்டியில் உட்கார்ந்திருந்த ஜோலினிடம், "உனக்கு எதுக்குடி இந்த வேலை?" என்று கேட்டேன். அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"எனக்கு அண்ணன் முகம் ஞாபகம் இல்ல. அவன் எப்படிச் சிரிப்பான், என்னைத் தூக்குவானா, ஒண்ணும் தெரியாது. அம்மாவும் சொல்லாமலே போயிட்டாங்க. அப்பா வாயால ஒரு தடவை, ஒரே தடவை, அவன் பேரைச் சொல்லிக் கேக்கணும். இந்தக் கேபினைப் பார்த்தாவது வராதான்னு பாக்குறேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. செத்தவனைப் பற்றிப் பேச இரும்பைக் கட்டி இழுக்க வேண்டியிருக்கிறதே என்று. யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வண்டியை என் ஷெட்டில்தான் கட்டினாள். ரேட் ராட் என்று இவர்கள் கூட்டம் சொல்கிற எலி வண்டி. பழைய லாரி கேபினை எடுத்து, கூரையை வெட்டித் தாழ்த்தி, வேறு ஏதோ வண்டியின் சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தின்மேல் தரையை ஒட்ட உட்கார வைத்து, கையில் அகப்பட்டதையெல்லாம் பூட்டி ஓட்டுவார்கள். செலவு செய்தால் கேவலம். சேஸிஸ், ஆலங்கட்டி மழையில் அடிபட்டு என்னிடம் வந்த ஒரு சின்ன பிக்கப்பினுடையது. இஞ்சின், சர்ச் வேனிலிருந்து கழற்றியது. லூதரன் சபையின் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளைச் சுமந்த இஞ்சின், இனிமேல் பேய் மாதிரி கத்தப் போகிறது. பெட்ரோல் டேங்குக்கு ஒரு பீர் பீப்பாய். சீட், பழைய ஸ்கூல் பஸ்ஸினுடையது, பின்பக்கம் யாரோ பையன் பேனாவால் கிறுக்கிய படத்தோடு. கதவுக்குக் கைப்பிடியாக ஒரு ஸ்பேனர்.

இவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பெயிண்ட் அடிக்கக் கூடாது. பள்ளத்தில் பட்டி பூசக் கூடாது. ஒடுக்கு எடுக்கவே கூடாது. துரு எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும், மேலே ஆளிவிதை எண்ணெய் தேய்த்து அதைக் காப்பாற்றுவார்கள். நான் துருவை விற்றுச் சாப்பிடுகிறவள். அதைக் கும்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

கூரையை வெட்டுகிற நாளில் அவள் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, கேபினுக்குள் அதன்மேல் உட்கார்ந்தாள். அதுதான் முறை. ஓட்டப் போகிறவர் பக்கெட்டில் உட்கார்ந்து நேராகப் பார்க்க வேண்டும். கண் எந்த மட்டத்தில் வருகிறதோ, அதை வைத்துக் கூரையை எவ்வளவு இறக்கலாம் என்று, அதைத் தாங்குகிற தூணில் கோடு போடுவார்கள். நான் சாக்கட்டியோடு நின்றேன்.

"நீ ஒரு குள்ளக் கத்தரிக்கா. உன் கணக்குக்கு வெட்டினா வேற ஒரு மனுஷன் உள்ள உட்கார முடியாது. ரெண்டு விரல் விட்டுக் கோடு போடவா?"

"நான்தானே ஓட்டப் போறேன். இறக்குங்க. எவ்வளவு தாழ்வோ அவ்வளவு அழகு."

வெட்டினோம். நாலு தூணிலும் ஒரு சாண் நீளத்துக்கு இரும்புத் துண்டு கீழே விழுந்தது. கூரையை இரண்டு பேருமாகப் பிடித்து இறக்கி, அவள் பற்றவைத்தாள். துண்டுகளை நான் பொறுக்கி அலமாரியில் போட்டேன். எதையும் வீசுகிற பழக்கம் எனக்கில்லை.

அந்த ஒடுக்கு அப்போதுதான் கண்ணுக்கு நேரே வந்தது. ஓட்டுகிறவர் தலைக்கு மேலே, ஒரு சூப் கிண்ணம் அளவுக்குக் கூரை உள்வாங்கியிருந்தது. முன்பு அது உயரத்தில் இருந்தது, நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும். கூரை இறங்கிய பிறகு உட்கார்ந்தவர் முடிமேல் உரசுகிற மாதிரி தொங்கியது.

"ஜோலின், இதை மட்டுமாவது எடுத்துடு. வெளியே கட்டை வெச்சு உள்ளே இருந்து நாலு தட்டு தட்டினா போதும்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "அதைத் தொட விட மாட்டேன். அண்ணன் இருந்தான்கிறதுக்கு எங்கிட்ட இருக்கிற ஒரே அடையாளம் இதுதான். அதையும் சுத்தியலால அடிச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி வழவழன்னு ஆக்கச் சொல்றீங்களா? எங்க வீட்ல அதைத்தானே இத்தனை வருஷமா செஞ்சாங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எமில் பக்கமும் நியாயம் இருந்தது என்பது என் மனசில் ஒரு ஓரத்தில் குத்திக்கொண்டே இருந்தது. ஜோலின் ஒரு துணியில் எண்ணெய் தொட்டு, அந்த ஒடுக்கை மட்டும் தனியாக, மெதுவாகத் துடைத்தாள்.

ஜூலையில் வண்டி ஓடியது. அப்பா வீட்டு வழியாக ஓட்டிக்கொண்டு போனாள். சத்தம் கேட்டதும் எமில் தோட்டத்திலிருந்து எழுந்து களஞ்சியத்துக்குப் பின்னால் போய்விட்டாராம். அன்று மாலை என் ஷெட்டில் உட்கார்ந்து அவள் அழுதாள். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. காபி போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்டில் எங்கள் கவுண்டிச் சந்தை, மாவட்டத் திருவிழா மாதிரி. மைதானத்தின் ஒரு மூலையில் வண்டிக் கண்காட்சி, அதில் எலி வண்டிகளுக்கென்று தனி வரிசை. ஜோலின் வண்டி அந்த வரிசையில் கடைசி. அதற்கு நேர் எதிரே, எந்தப் புண்ணியவான் இடம் பிரித்தானோ, எமில் போகிற சர்ச் சபையின் சாப்பாட்டுக் கூடாரம். முட்டைக்கோஸும் கறியும் வைத்துச் சுட்ட ரொட்டியை எமில் வருஷா வருஷம் நின்று விற்பார். இந்த வருஷமும் நின்றார். வண்டிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வண்டியைச் சுற்றிக் கூட்டம். எல்லாரும் பார்த்தது அந்த ஒடுக்கைத்தான். "நிஜமான அடியா? சுத்தியலால போட்டதா?" என்று கேட்டார்கள். ஒருவன் படம் எடுத்தான். இன்னொருவன் உள்ளங்கையை வைத்துத் தடவி, "இது கிடைக்க நான் என் வண்டியையே குடுப்பேன்" என்றான். கண்காட்சியில் நிற்கிற வண்டிக்காரர்கள் சிரிக்கிற சிரிப்பை ஜோலின் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வயோமிங்கிலிருந்து வந்த ஒரு பருத்த பையன், நல்ல பையன்தான், தன் கையிலிருந்த பீர் கேனை அந்த ஒடுக்கில் வைத்தான். கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

"பாருங்கய்யா! கேன் வைக்கவே செஞ்ச மாதிரி இல்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜோலினின் கை கேனை எடுக்கப் பாதிவரை போய் நின்றுவிட்டது. அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். எமில் கூடாரத்தைவிட்டு வெளியே வந்திருந்தார். ஏப்ரனில் மாவு. கேனைப் பார்த்துக்கொண்டே, கூட்டத்தை விலக்காமல், கூட்டமே விலகுகிற மாதிரி நடந்து வந்தார்.

கேனை எடுத்தார். ஒரு சொட்டுச் சிந்தாமல் அந்தப் பையன் கையில் கொடுத்தார். "இதைப் பிடி, தம்பி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ட்வைலா. சுத்தியல் வெச்சிருக்கியா?"

என் பிக்கப்பில் இல்லாத சாமான் கிடையாது. சுத்தியலையும், ஒடுக்கு எடுக்கிற இரும்புக் கட்டையையும் கொண்டுவந்தேன்; அவர் சுத்தியலை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மார்க் போடுகிறவர் ஓடிவந்தார். "ஐயா, ஒடுக்கு எடுத்தா இந்த வரிசையிலேயே வண்டி நிக்க முடியாது."

"பெரியவரே, அத்தனை வருஷத் துரு! கெடுத்துடாதீங்க!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"அவரோட லாரிடா அது. வாயை மூடு" என்று நான் கத்தினேன்.

எமில் ஸ்பேனர் கைப்பிடியைத் திருப்பினார். எழுபத்தெட்டு வயசு முழங்காலை மடக்கி, குனிந்து, உள்ளே நுழைந்து ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்தார். தொப்பி கூரையில் இடித்துக் கீழே விழுந்தது. அந்த ஒடுக்கு அவர் நெற்றிக்கு மேலே ஒரு கை அகலத்தில் இருந்தது. அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் அடி விழுந்தது. துருத் தூள் அவர் முகத்திலும் வெள்ளை முடியிலும் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது அடி அடித்தார். கூரைமேல் கட்டை வைத்துப் பிடிக்க ஆள் இல்லாமல் தகரம் வெறுமனே அதிர்ந்தது.

"அப்பா, போதும்பா. இறங்குங்க" என்றாள் ஜோலின். அவள் குரல் அந்த ஐந்து வயசுக் குழந்தையின் குரல் மாதிரி இருந்தது.

"லோரனுக்குத் தலை இடிக்கும்" என்றார் எமில்.

அந்த மூலையில் எல்லா இஞ்சினும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஜோலின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ உன் உயரத்துக்கு வெட்டிட்ட" என்று அவர் சொன்னார். திட்டுகிற குரல் இல்லை. "அவன் என்னைவிட ஒரு பிடி அதிகம். கூரை முழுசா இருந்தப்பவே குனிஞ்சுதான் ஓட்டுவான். அப்பா, இந்த லாரியைக் கட்டினவன் எவனோ குள்ளன்னு சொல்லிச் சிரிப்பான். இதுக்குள்ள லோரன் எப்படிம்மா உட்காருவான்?"

ஜோலின் கதவை விட்டாள். மட்கார்டு இல்லாத முன் சக்கரத்தின்மேல் ஏறி நின்றாள். என் கையிலிருந்த இரும்புக் கட்டையைப் பிடுங்கி, வெளியிலிருந்து ஒடுக்கின் விளிம்பில் அழுத்தி வைத்தாள்.

"அடிங்கப்பா."

அவர் அடித்தார். அவள் கட்டையை நகர்த்தினாள். அவர் அடித்தார். பீர் கேன் பையன் எப்போது தொப்பியைக் கழற்றினான் என்று நான் கவனிக்கவில்லை. ஒடுக்கு முழுசாக வரவில்லை. மதகுச் சுவர் கொடுத்த அடி அவ்வளவு சுலபமாக வராது. வெளியே கை வைத்தால் ஒரு அலை இன்னும் தெரியும். எண்ணெயும் துருவும் உதிர்ந்த இடத்தில் இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பரிசு வேறு யாருக்கோ போனது. யாருக்கு என்று அன்றைக்கு நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் எமில் என் ஷெட்டுக்கு வந்தார், போன் செய்யாமல். ஜோலின் வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வெட்டின துண்டெல்லாம் எங்க?"

நான் அலமாரியைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தூண்களின் வெல்டிங் தழும்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஜோலின் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அவரையே பார்த்தாள். நான்தான் பேசினேன்.

"எமில், வெட்டி இறக்கின கூரையை உலகத்துல எவனும் திரும்ப ஏத்த மாட்டான். கண்ணாடியும் வெட்டியாச்சு. ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்" என்றாள் ஜோலின்.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. அடுத்த வருஷத்திலிருந்து இந்தப் பக்கத்து எலி வண்டிக் கூட்டத்தில் எல்லாம் தரையோடு தரையாக நிற்க, ஒன்று மட்டும் ஒட்டடைக்குச்சி மாதிரி நெட்டையாக நிற்கும். நாலு தூணிலும் மேலே ஒரு தழும்பு, கீழே ஒரு தழும்பு. தெரியாதவர்கள் வெல்டிங் தெரியாத பெண்பிள்ளை கட்டினது என்பார்கள். அதெல்லாம் பிறகு; ஷெட்டில் அன்றைக்கு, கூரையை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டியிருந்தது. வெட்டினது ஒரு சாண் என்றால், அதே ஒரு சாண் போதாது என்றார் எமில். குனிந்து ஓட்டினவன் இந்தத் தடவையாவது நிமிர்ந்து உட்காரட்டும் என்றார்.

கூரையை மறுபடி வெட்டி எடுத்து இறக்கிவைத்தோம். ஜோலின் பழையபடி பக்கெட்டைக் கவிழ்த்துக் கேபினுக்குள் போட்டாள். "நீங்க உட்காருங்கப்பா. உங்களைவிட ஒரு பிடி கூட்டிக்கலாம்."

அவர் தலையாட்டி மறுத்தார். பக்கெட் காலியாகவே இருந்தது. அதற்குப் பக்கத்தில் நின்று, கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க அந்தரத்தில் பிடித்தார். கொஞ்சம் இறக்கினார். யோசித்தார். மறுபடி ஏற்றினார்.

"வீட்டுக்குள்ள வந்தாத்தான் தொப்பியைக் கழட்டுவான்" என்றார். "அதுவும் உங்கம்மா கத்தினாத்தான். உன்னைத் தோள்ல தூக்கிட்டு வருவான் பாரு, அப்ப நீதான் பிடுங்கிக்குவ. தொப்பியோட இவ்வளவு."

ஜோலின் முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் சாக்கட்டியை எடுத்தாள். அளவுகோலை அந்தக் கையின் மட்டத்துக்கு நிறுத்தி, அந்த உயரத்தை அதன்மேல் குறித்தாள். கோடு போட்டு முடித்து வெகுநேரம் ஆன பிறகும் எமில் அந்தக் கையை இறக்கவில்லை.